உஸ்தாத் வீட்டுக்குப் போகும் வழி



சென்ற ஐப்பசி மழையில் என் உஸ்தாத் கூடலூரில் வஃபாத்தானார்கள். அன்னாரின் ஜனாஸாத் தொழுகை எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் வரத் தாமதமாயிற்று என்று கேட்டவர்களிடமெல்லாம் "வழி தவறிவிட்டது" என்று சொல்லி வந்தேன். அது முழு உண்மையன்று. எனக்கு நன்கு தெரிந்த சாலையில் நின்றுகொண்டு, அதை விட்டுவிட்டு, வேறொருவர் தமக்காக வரைந்து வைத்த வழியில் வண்டியைத் திருப்பினேன். நம் குடும்பங்களில் மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்லும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். ஹேண்டிலில் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு, நண்பர் அனுப்பிய வழியை அதில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் பயன்படலாம் என்பதால் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

முதலில் உஸ்தாத் அவர்களைப் பற்றி. முப்பது ஆண்டுகளுக்கு முன் கூடலூரிலிருந்து மேட்டுப்பாளையத்தில் நாங்கள் ஓதிய மத்ரஸாவுக்கு ஆசிரியராக வந்தார்கள். ஏனைய ஆசிரியர்களை ஹஸ்ரத் என்போம். மலையாள வீட்டில் பிறந்த இவர்களை மட்டும் உஸ்தாத் என்றே அழைத்தோம். அன்னார் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். நாங்களோ ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள், ஹனஃபிகள். எங்களுக்கு ஃபிக்ஹு பாடம் எடுக்கும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. ஐந்தாண்டுகள் எடுத்தார்கள். அந்த ஐந்தாண்டுகளில் தம்முடைய மத்ஹபின் கருத்தை எங்கள் பாடத்தினுள் ஒரு நாளும் கலந்ததில்லை. வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் "இது உங்களுடையது, இது எங்களுடையது" என்று இரண்டையும் தனித்தனியே வைப்பார்கள். "நீங்கள் எப்படிச் செய்வீர்கள் உஸ்தாத்?" என்று ஒருவன் விடாமல் கேட்டபோது, "நான் செய்வது இருக்கட்டும், உன் வாப்பா உன்னை எதைப் படிக்க அனுப்பினாரோ அதைக் கேள்" என்றார்கள்.

பயணத் தொழுகையைக் கற்பித்த நாள் எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. கரும்பலகையில் கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டைக்கோடு, ஒரு நெடுங்கோடு. "இது குன்னூர் வழி, இது கோத்தகிரி வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். உண்மையில் உதகைக்கு இரண்டு வழியிலும் கஸ்ருடைய தூரம் வராது. பிள்ளைகளுக்குத் தெரிந்த சாலை என்பதால் சொன்ன எடுத்துக்காட்டு அது. ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் இருந்து, ஒன்று மட்டும் கஸ்ருடைய தூரத்தை எட்டினால் என்ன செய்வது? ஹனஃபி மத்ஹபில் எந்த வழியில் செல்கிறானோ அந்த வழியின் தூரமே கணக்கு. நெடுவழியில் சென்றவன் சுருக்கித் தொழுவான். ஷாஃபிஈ மத்ஹபில், நெடுவழியைத் தேர்ந்ததற்குப் பாதுகாப்பு, எளிமை போன்ற ஒரு காரணம் இருக்க வேண்டும். சுருக்கித் தொழுவதற்காகவே சுற்றிச் சென்றவனுக்கு அச்சலுகை இல்லை. இரண்டையும் சொல்லிவிட்டு, இரண்டு கோடுகளையும் அழிக்காமலேயே அன்று வகுப்பை முடித்தார்கள்.

இனி அந்தக் கருவி. என் மனைவியின் தம்பி துபாயில் பணியாற்றுகிறார். விடுமுறை நாள்களில் நண்பர்களோடு மலைச்சாலைகளில் வண்டி ஓட்டுவது அவருக்குப் பெருவிருப்பம். சென்ற முறை ஊருக்கு வந்தபோது, தாம் பயன்படுத்திய வழிகாட்டிக் கருவியை உடன் கொண்டு வந்து, நீலகிரியைச் சுற்றிவிட்டு, திரும்பிப் போகும்போது "மச்சான், இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று என் பழைய வண்டியில் பொருத்திவிட்டுப் போனார். என் வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் விலையைவிட அதன் விலை கூடுதலாக இருக்கலாம். கைப்பேசி இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்டதுண்டு. மழையில் நனைந்த கையுறையோடு கைப்பேசித் திரையைத் தொட்டால் அது கேட்பதில்லை. மலையில் சிக்னலும் பாதி இடங்களில் இருப்பதில்லை. இந்தக் கருவியோ நிலப்படத்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரே பெறுகிறது. ஆகவே நல்ல பொருள்தான். அதன் பட்டியலில் என் மைத்துனர் ஏற்றி வைத்த வழிகள் அறுபதுக்கு மேல் இருந்தன என்பதையும், அவற்றில் எது யாருடையது என்பதையும் நான் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

அன்று சுப்ஹுத் தொழுதுவிட்டு வீடு திரும்பும்போது உஸ்தாதின் மூத்த மகன் அழைத்தார். இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, நேரத்தைக் கேட்டேன். பத்தரை மணிக்குத் தொழுகை, உடனே அடக்கம் என்றார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், உதகை வழியாகக் கூடலூர் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மழையில் மூன்றரை மணி நேரம் ஆகும். ஆறே காலுக்குப் புறப்பட்டால் பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாம். உதகை வரை எனக்குப் பழக்கமான சாலை. அதற்கப்பால் நான் வண்டியில் சென்றதில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தேன். பட்டியலில் "கூடலூர்" என்ற பெயரிலேயே ஒரு வழி இருந்தது. அல்லாஹ்வின் உதவி என்று எண்ணிக்கொண்டு அதைத் தொட்டேன்.

பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் கோத்தகிரிச் சாலையில் திரும்பச் சொன்னது. நான் திரும்பவில்லை, எப்போதும் போகும் குன்னூர்ச் சாலையிலேயே சென்றேன். கல்லாறு வரை "திரும்பிச் செல்க" என்றது. பர்லியாற்றில் ஓய்ந்தது. சரி, என் வழியை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். குன்னூர் வந்ததும், உதகைக்கு நேரே செல்ல வேண்டிய இடத்தில், வலப்பக்கம் கோத்தகிரிக்குத் திரும்பு என்றது.

அங்கே வண்டியை நிறுத்தினேன். சற்றுச் சிந்தித்திருந்தால் போதும்: குன்னூரிலிருந்து உதகை இருபது கிலோமீட்டர்கூட இல்லை. கோத்தகிரி சென்று உதகைக்கு வந்தால் ஐம்பது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய கணக்கு. ஆனால் இரவெல்லாம் மழை பெய்திருந்தது. நீலகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிவது புதிதன்று. அருவங்காட்டுப் பக்கம் சாலை அடைபட்டிருக்கும் போலும், இந்தக் கருவிக்குச் செய்தி வந்திருக்கும் போலும் என்று எனக்கு நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். அப்படியொரு செய்தி வர வேண்டுமானால் கருவி கைப்பேசியோடு இணைந்திருக்க வேண்டும், என்னுடையது இணைந்திருக்கவில்லை. எதிரே உதகையிலிருந்து பேருந்து ஒன்று இறங்கி வருவதைக் கண்ணால் பார்த்தும், வலப்பக்கம் திரும்பினேன்.

கோத்தகிரியைத் தொட்டதும் அது மகிழ்ச்சியோடு உதகையைக் காட்டியது. அப்போதுதான் எனக்கு ஐயம் பிறந்தது. மூடுபனியில் முன் செல்லும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. உதகையை அடைந்தபோதே பத்தேகாலை நெருங்கிவிட்டது. உஸ்தாதின் மகனை அழைத்து, எனக்காகக் காத்திருங்கள் என்று கேட்டிருக்கலாம். ஜனாஸாவைத் தாமதப்படுத்தலாகாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான், நா எழவில்லை.

தலைக்குந்தாவில் சாலை பிரிகிறது. கருவி வலப்பக்கம் கல்லட்டிக்கு இறங்கச் சொன்னது. இறங்கினேன். சோதனைச்சாவடியில் நின்றவர், வெளியூர் வண்டிகள் இந்த மலைச்சரிவில் இறங்க அனுமதியில்லை என்றார். கூடலூருக்கு மய்யித் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார்: "அதற்கு ஏன் பாய் இந்த வழியில் வந்தீர்கள்? பைக்காரா வழியே நேராகப் போக வேண்டியதுதானே." முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துச் சாலையில் விபத்துகள் நிகழ்ந்த பின் வைத்த கட்டுப்பாடு அது. திரும்பி ஏறி, பைக்காராச் சாலையில் சேர்ந்ததும், மீண்டும் "திரும்பிச் செல்க". கருவியை அணைத்தேன். அதன் பின் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் ஸலாமோ வணக்கமோ சொல்லி, வழி கேட்டுக்கொண்டே சென்றேன்.

நான் கூடலூர் சேர்ந்தபோது, மையவாடியிலிருந்து திரும்பியவர்கள் பள்ளிவாசல் குழாயடியில் காலில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

உஸ்தாதின் மகன் என்னைக் கட்டிக்கொண்டார். கப்ரடிக்கு அழைத்துச் சென்றார். "எங்கள் மத்ஹபில், தவறவிட்டவர் கப்ரருகே நின்று ஜனாஸாத் தொழலாம், நீங்கள் தொழுங்கள்" என்றார். பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒருவர் இறந்தபோது, இரவில் தமக்கு அறிவிக்காமல் அடக்கிவிட்டதை அறிந்து, நபி (ஸல்) அவர்கள் கப்ருக்குச் சென்று தொழுவித்த ஹதீஸை நானும் அறிவேன். ஹனஃபி மத்ஹபில், பொறுப்பாளர் தொழுவித்துவிட்ட ஜனாஸாவுக்கு மறுமுறை தொழுகை இல்லை. அந்த ஹதீஸுக்கு நம் இமாம்கள் தரும் விளக்கம் வேறு. அந்த விளக்கத்தை எனக்குக் கற்பித்தவர்களே அந்த மண்ணுக்குள் இருந்தார்கள். தம் மத்ஹபைக் கலக்காமல் கற்பித்தார்கள். நான் தொழவில்லை. நின்று துஆச் செய்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்றும் இரவில் சில வேளை விழிப்பு வருகிறது.

ஒரு வாரம் அந்தக் கருவியைத் தொடவில்லை. பிறகு பிளஸ் டூ படிக்கும் என் மகள்தான், "அத்தா, அதில் என்ன இருந்தது என்று பார்த்துவிடலாமே" என்று கணினியோடு இணைத்தாள்.

இந்த வழிகளெல்லாம் ஜி.பி.எக்ஸ் என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. 2002இல் வெளியான வடிவம். எந்த நிறுவனத்தின் கருவியும் படிக்கக்கூடிய பொது வடிவம். ஆச்சரியம் என்னவென்றால், அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து கண்ணாலேயே படிக்கலாம். மகள் திறந்தாள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். அந்தக் "கூடலூர்" வழியில் இருந்தவை ஏழே புள்ளிகள்: மேட்டுப்பாளையம், கோத்தகிரி, உதகை, கல்லட்டி, மசினகுடி, தெப்பக்காடு, கூடலூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காடும் மலையும் பார்க்கப் போனவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட புள்ளிகள். அவர்கள் மீது எந்தப் பிழையும் இல்லை. மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் இடையே எந்தச் சாலை, எந்தத் திருப்பம் என்று அந்தக் கோப்பில் ஒரு வரியும் கிடையாது. அதை இட்டு நிரப்பியது என் கருவி. தன் நிலப்படத்தைக் கொண்டு, தன் கணிப்பைக் கொண்டு.

இதைத்தான் நான் அறியாமல் இருந்தேன். இத்தகைய கோப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரூட்: போக வேண்டிய சில புள்ளிகள், இடைவெளியைக் கருவியே கணக்கிட்டுக்கொள்ளும். மற்றொன்று டிராக்: ஒருவர் உண்மையிலேயே சென்ற சுவடு, ஆயிரக்கணக்கான புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் நேரமும் பதிந்திருக்கும். ஒரே ரூட்டை இரண்டு கருவிகளில் ஏற்றினால் இரண்டு வெவ்வேறு சாலைகளைக் காட்டலாம். ஒன்று விரைவான வழியைத் தேடும், மற்றொன்று வளைவான வழியைத் தேடும். ஒன்று மண்சாலையைத் தவிர்க்கும், மற்றொன்று தவிர்க்காது. சில மென்பொருள்கள் இடைப்பட்ட சாலையையும் சேர்த்தே எழுதித் தருகின்றன; அங்கும் ஏற்றும் கருவியின் நிலப்படம் வேறாக இருந்தால், அது மறுபடி கணக்கிட்டுவிடும். டிராக்கை மட்டும் அது மாற்றுவதில்லை. திரையில் கோடாகவே வைத்திருக்கும்.

ஹதீஸ் பாடம் எடுப்பவனுக்கு இது உடனே உறைக்க வேண்டும். யார் சொன்னது, யாரிடம் கேட்டது என்று ஒவ்வொரு பெயராக எண்ணிப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. அந்தக் கோப்பில், எழுதிய மென்பொருளின் பெயர் இருந்தது. சென்ற மனிதரின் பெயர் இல்லை. எந்த நாள், எந்தப் பருவம் என்பதும் இல்லை. கோடையில் உதகைக்கு ஏறுவது ஒரு சாலை, இறங்குவது மற்றொரு சாலை என்று காவல்துறை மாற்றி விடுவதை அந்த ஏழு புள்ளிகள் எப்படி அறியும்?

குன்னூரில் அது என்னை ஏன் திருப்பியது என்பதும் விளங்கியது. ரூட்டில் வைக்கும் புள்ளிகளில் இரு தரம் உண்டு. ஒன்று, கட்டாயம் தொட்டே ஆக வேண்டிய இடைப்புள்ளி. அதைத் தொடாமல் சென்றால், தொடும் வரை விடாது. மற்றொன்று, கோடு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும் வைக்கும் புள்ளி. அதற்கு வந்துவிட்டோம் என்ற அறிவிப்பும் இராது. கோத்தகிரி முதல் தரத்தில் வைக்கப்பட்டிருந்தது. என் கருவியில் "இப்புள்ளியைத் தாண்டிச் செல்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. குன்னூரில் அதை ஒரு முறை தொட்டிருந்தால் உதகையைக் காட்டியிருக்கும். அந்தப் பொத்தானைப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்ததோ, மகள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அதன் பின் இருவரும் பட்டியலைத் துப்புரவாக்கினோம். என் மைத்துனரின் பொருள் என்பதால் முதலில் அவரிடம் அனுமதி கேட்டேன். ஹத்தா, ஜெபல் ஜைஸ் என்று அமீரகத்து மலைகள் பாதிப் பட்டியலை அடைத்துக்கொண்டிருந்தன. இந்திய நிலப்படத்தின் மீது அவை எங்கோ வெற்றிடத்தில் தொங்கும் கோடுகள். "கடைசி", "கடைசி புதியது", "ஞாயிறு 3" என்றெல்லாம் பெயர்கள். அனைத்தையும் கணினியில் பிரதி எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, கருவியில் அழித்தோம். மறுநாள் வேறொரு கோப்பை ஏற்றியபோது அழித்தவை அத்தனையும் திரும்பி வந்துவிட்டன! பட்டியலில் அழித்தால் பட்டியலில் மட்டுமே அழிகிறது. நினைவட்டையில் உள்ள மூலக்கோப்பு அப்படியே இருக்கும். அதையும் நீக்கிய பிறகே ஓய்ந்தது.

இப்போது யாரேனும் ஒரு வழியை அனுப்பினால், டிராக்காகத் தரும்படி கேட்கிறேன். ரூட்தான் இருக்கிறது என்றால், ஏற்றியபின் திரையில் அடி முதல் நுனி வரை விரலால் தள்ளிப் பார்த்து, தூரத்தை அனுப்பியவரின் தூரத்தோடு ஒப்பிடுகிறேன். பத்துக் கிலோமீட்டர் வேறுபட்டாலும் எங்கோ கருவி தன் விருப்பத்தை நுழைத்திருக்கிறது என்று பொருள். பெயரில் யாரிடமிருந்து, எந்த மாதம் என்று சேர்த்துக்கொள்கிறேன். வழி மாறினால் தானாக மறுகணக்குப் போடுவதை நிறுத்தி, என்னைக் கேட்டுச் செய்யும்படி அமைத்திருக்கிறேன். இதெல்லாம் கால் மணி நேர வேலை.

இதற்கிடையில் எங்கள் மத்ரஸாவில் ஓதி முடித்த இளைஞர் ஒருவர் ஒரு கேள்வி கொண்டு வந்தார். மாமி ஊருக்கு நேர்வழியில் 70 கிலோமீட்டர். அவருடைய கருவி வளைவான சாலைகளை விரும்பும்படி அமைக்கப்பட்டிருந்ததால் 85 கிலோமீட்டர் சுற்றிக் கொண்டு போய்விட்டது. லுஹரைச் சுருக்கித் தொழுதது கூடுமா? கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் கணக்கில் ஏறத்தாழ 78 கிலோமீட்டர். அந்த வழியில் செல்வதாகவே அவர் புறப்பட்டாரா என்று கேட்டேன். திரையில் மொத்தத் தூரத்தைப் பார்த்தே புறப்பட்டதாகச் சொன்னார். சென்ற வழியே கணக்கு, தொழுகை கூடும் என்றேன். ஷாஃபிஈ நண்பர் கேட்டால் வேறு விடை என்பதையும், அது என்ன என்பதையும் தனியே சொன்னேன். அவர் போன பிறகுதான் பார்த்தேன், கரும்பலகையில் நான் இரண்டு கோடுகளை வரைந்திருந்தேன்.

மார்கழியில் மறுபடி கூடலூர் சென்றேன். குன்னூர், உதகை, தலைக்குந்தா, பைக்காரா, நடுவட்டம். கருவியில் எந்த வழியையும் ஏற்றவில்லை. செல்லும் சுவட்டை மட்டும் பதியச் செய்தேன். வீட்டுக்கு வந்து "உஸ்தாத் வீடு, மார்கழி" என்று பெயரிட்டேன். பதிவுகளின் பட்டியலில் அதற்குக் கீழே, ஐப்பசியில் தானாகவே பதிந்திருந்த மற்றொரு சுவடும் கிடந்தது. கோத்தகிரிப் பக்கம் வீங்கி, கல்லட்டியில் சிறு கொக்கிபோல் மடங்கி.

ஈரோட்டில் இமாமாக இருக்கும் என் வகுப்புத் தோழர், உஸ்தாத் வீட்டாரைக் கண்டு வர வேண்டும், வழியை அனுப்புங்கள் என்று கேட்டார். மார்கழிச் சுவட்டை அனுப்பினேன். கூடவே, "தலைக்குந்தாவில் இடப்பக்கச் சாலை, ஐயமிருந்தால் அங்குள்ள தேநீர்க் கடையில் கேளுங்கள்" என்று கைப்பேசியில் எழுதியும் அனுப்பினேன். மறுநாள் பத்து மணிக்கு நடுவட்டத்திலிருந்து பேசினார். பனி அதிகமாம், தேநீர் நன்றாக இருந்ததாம்.